தனபாலன் வெட்டிய பச்சை வயர்

கோமளாவின் போன் வந்தபோது காலை பத்தேகால் இருக்கும். கூடத்தில் பாட்டுப் பெட்டி நாதஸ்வரம் பாடிக்கொண்டிருந்ததால் மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. மருமகள் சுமதிதான் வெளிச்சம் மின்னியதைப் பார்த்து எடுத்து வந்து என் காதில் வைத்தாள். "அக்கா, அவரு போயிட்டாருக்கா," என்றாள் கோமளா. குரலில் அழுகை இல்லை. மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவள், அழுது முடித்திருந்தாள். நான் எப்போது என்று மட்டும் கேட்டேன். விடியற்காலையில், மூச்சு வாங்கி வாங்கி அப்படியே நின்றுவிட்டதாம். போனைக் கொடுத்துவிட்டு, பெட்டியின் சத்தத்தைக் குறைக்கலாமா என்று நினைத்தேன். குறைக்கவில்லை. அந்தப் பெட்டி அவள் புருஷன் தனபாலன் செய்து கொடுத்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஆம்ப்ளி தனபாலன் என்றால் தெரியாத ஆள் குறைவு. ஸ்பீக்கரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதைப் பாட வைக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியை அவனிடம்தான் செய்யச் சொல்வார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டிலும் அவன் பெட்டி இருக்கும். அதனால் அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டியின் முகப்பில், சத்தம் கூட்டும் திருகுக்குக் கீழே, மூன்று சின்னத் துளைகள் வரிசையாக இருந்தால் அது அவன் கை. தொட்டுப் பார்க்காதீர்கள். சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள். அந்தப் பெட்டிகளில் பலவற்றில் அவன் ஒரு வயரை வெட்டியிருந்தான். அதில் ஒன்று இன்னும் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

செத்தவனை அவர் என்று எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அவன் தம்பி மாதிரி. அவன் என்றே எழுதுகிறேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ரேடியோ செய்யும் ஃபேக்டரி ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் அங்கே, ரேடியோப் பலகைகளில் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். நான் பதினேழு. எங்கள் வரிசை முடியும் இடத்தில் பலகைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை தனபாலனுக்கு. பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு ஈயப் புள்ளியையும் அழுத்துவான். ஆடினால் திருப்பி அனுப்புவான். ஒருநாள் என் பலகையைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனான். "இந்த அக்கா வச்ச ஈயத்தப் பாருங்க. இத பிரிக்கணும்னா பலகையத்தான் ஒடைக்கணும்," என்றான். அன்றைக்குத்தான் அந்த ஃபேக்டரியில் ஒருவன் என்னை அக்கா என்று கூப்பிட்டான். இதை மறக்கவில்லை. மற்றதையும் மறக்கவில்லை.

அந்த ஃபேக்டரியில், சாப்பிடும் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். மூன்று வயர் வரைந்த படம். அதில் பச்சையும் மஞ்சளும் கலந்த வயருக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நல்லபடியாக நின்றுகொண்டிருப்பான். அந்த வயர் இல்லாத படத்தில் அவன் தரையில் கிடப்பான். எர்த் வயர். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் புரிகிற படம். பெட்டிக்குள்ளே எங்காவது கரண்ட் தகரத்தில் பட்டுவிட்டால், அது நம் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக அந்த ஒரு வயர்தான் வழி. எத்தனையோ வருஷம் அதன் கீழே உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஃபேக்டரி மூடிய பிறகு அவன் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் பின்னறையை ஒழித்துப் பெட்டி கட்டத் தொடங்கினான். சனிக்கிழமை தோறும் நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறிப் போய் அவன் பலகைகளுக்கு ஈயம் வைத்துக் கொடுப்பேன். கோமளா தோசை சுடுவாள். அவன் வேலை செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பான். தகரத்தில் எர்த் முடுக்குவதற்கு முன் பெயின்டைச் சுரண்ட வேண்டும் என்று ஓயாமல் சொல்வான். "பெயின்ட் மேல எர்த் வச்சா, சாமி படத்துக்கு பிளாஸ்டிக் பூ வச்ச மாதிரிக்கா. பாக்க நல்லாருக்கும்." இன்னொன்றும் சொல்வான். பிளக்கைப் பிடுங்கிய உடனே பெட்டிக்குள் கை விடக்கூடாது, கெப்பாசிட்டரில் கரண்ட் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. கெப்பாசிட்டருக்கு கோவம் ஒடனே எறங்காது. உங்கள மாதிரிதான் லா." கோமளா உள்ளேயிருந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

நாங்கள் கிள்ளானில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து கூடத்தில் வைத்தான். அவன் விற்பனைக்கென்று இல்லாமல் செய்த முதல் பெட்டி. பாட்டு அப்படி ஒரு தெளிவு. ஆனால் டிவியோடு வயர் போட்டதும் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டது. வேலை தெரிந்தவர்கள் அதை ஹம் என்பார்கள். சமையல்கட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி, நிற்காமல், ஒரே சுருதியில். அவன் முகம் சுருங்கிவிட்டது. உறுமுகிற பெட்டி தன் பெயரைக் கெடுக்கிற பெட்டி என்று நினைக்கிறவன். மறுவாரம் வந்து பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தான். நான் காபி கலந்து கொண்டுவருவதற்குள் உறுமல் நின்றிருந்தது. "எப்படிடா?" என்றேன். "அது என் ரகசியம்க்கா," என்றான்.

பந்திங்கில் நடந்ததை இப்போது சொல்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிப் புதிதாக வீடு கட்டிய ஒரு லோரி முதலாளி, கிரகப்பிரவேசத்தன்றே பெட்டி பாட வேண்டும் என்று கேட்டிருந்தார். கோமளாவும் நானும் போயிருந்தோம். பழைய ஃபேக்டரிக் கூட்டாளிகள் ஏழெட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். சுமார் ஐம்பது பேர் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டிவியோடு இணைத்துப் பெட்டியைப் போட்டதும் உறுமல் எழும்பியது. முதலாளி, "என்ன தம்பி, உள்ளே மாட்ட வச்சு பூட்டிட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தனபாலன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"ஈயம் சரியா ஒட்டல அங்கிள். அக்கா வச்சது. வயசாச்சுல்ல, கண்ணு தெரியல."

ஃபேக்டரிப் பெண்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்தேன். அவன் கட்டிங் பிளையரை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனான். கழுத்தைப் பிடித்த மாதிரி உறுமல் நின்றது. கை தட்டினார்கள். அவன் எழுந்து போன பிறகு தரையில், ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை மஞ்சள் வயர்த் துண்டு கிடந்தது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

என் ஈயத்தில் குற்றமில்லை. எர்த்தை வெட்டினால் நிற்கிற உறுமல் ஈயத்தால் வந்த உறுமல் அல்ல. அவனுக்கும் அது தெரியும். திரும்பும்போது வேனில் கேட்டேன், எதுடா ஒட்டவில்லை என்று. "விடுங்கக்கா, சத்தம் நின்னுச்சுல்ல," என்றான். அதோடு அவன் வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். அந்த வயர்த் துண்டை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். ஒருநாள் மன்னிப்புக் கேட்க வருவான், அப்போது அதை அவன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். சாட்சி என்றுதான் அதைப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படம், தரையில் கிடந்த அந்த மனிதன், ஒருநாளும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இவ்வளவையும் ஞாபகம் வைத்திருக்கிற எனக்கு.

எட்டு வருஷம் கழித்து முதல் முறையாக என் வீட்டு கேட்டில் வந்து நின்றான். கையில் சின்னப் பை. "பொட்டிய ஒரு தடவ தொறந்து பாக்கணும்க்கா. சர்வீஸ்." உன் கை பட்ட வரைக்கும் போதும் என்று உள்ளே வந்துவிட்டேன். மறுவருஷம் வந்தான். கேட்டைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்வான். எடுக்க மாட்டேன். நாலு வருஷத்துக்கு முன் மூன்றாவது முறையாக வந்தான். நடக்கவே சிரமப்பட்டான். பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தொறக்க வேணாம்க்கா. பிளக்க மட்டும் புடுங்கி வைங்க." ஏன் என்று சொல்லவில்லை. கொடுத்த பெட்டியைத் திரும்பக் கொண்டுபோக வழி பார்க்கிறான் என்று நினைத்தேன். அவன் மெதுவாக நடந்து தெருமுனையைத் தாண்டுவதற்குள் பெட்டியைப் போட்டேன். அவனுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே வைத்தேன். மாலையில் கடிதப் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் கிடந்தது. மேலே என் பெயர், அவன் கையெழுத்தில். பிரிக்காமல் பிஸ்கட் டின்னில் போட்டேன்.

அதற்குள் சுமதி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தாள். வெறுங்காலோடு நின்று பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் கையை உதறுவாள். "பொட்டி கடிக்குது அத்தை." உனக்கு எதைத் தொட்டாலும் கடிக்கும் என்பேன். எனக்கும் கடித்திருக்கிறது, எறும்பு ஊர்கிற மாதிரி. சொல்லவில்லை. எங்கள் தாமானில் இடி இடித்தால் போதும், மெயின் பலகையில் ஒரு சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகிவிடும். தொல்லை தாங்காமல் என் மகன் ஆள் வைத்து அந்தச் சுவிட்சைத் தாண்டி வயர் போட்டுவிட்டான். இந்தப் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். கரண்ட் தப்பிப்போனால் நம்மைக் காப்பாற்றுவதற்கு இருந்தது அந்தச் சுவிட்ச்தான். இதெல்லாம் என் வீட்டில் ஒவ்வொன்றாக நடந்தது. நான் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் இறுதிச் சடங்குக்கு நான் போகவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், என்னைத் தேடியிருப்பீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போனேன். காலையிலேயே பந்தி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு கோமளா ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

ஒரு வரிக்கு ஒரு வீடு என்று எழுதியிருந்தான். ஊர், ஆளின் பெயர், பக்கத்தில் 'பச்சை கட்'. பிறகு வேறு மையில் 'எர்த் வச்சாச்சு', ஒரு சரி அடையாளம். பக்கம் பக்கமாக. நான் கோமளாவிடம், இவன் எப்போதிலிருந்து இப்படி வீடு வீடாகப் போக ஆரம்பித்தான் என்று கேட்டேன்.

"ரவாங்ல அந்த ஆன்டிக்கு அடிச்சதிலேர்ந்துதான்க்கா," என்றாள்.

ரவாங்கில் ஒரு பெண், துணி அலசிய ஈரக் கையோடு அவன் பெட்டியைத் தொட்டிருக்கிறாள். சுவரில் போய் விழுந்தாளாம். உயிர் தப்பிவிட்டது. மூன்று விரல் மடங்காமல் போயிற்று. அந்த வீட்டுக்காரர்கள் அவனைக் குறை சொல்லவில்லை, ஈரக் கையோடு தொட்டது தங்கள் தவறு என்றார்களாம். அதுதான் அவனைத் தின்றது. அன்றோடு புதுப் பெட்டி கட்டுவதை விட்டான். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தான்; அது இல்லாத நாளெல்லாம் பையை எடுத்துக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் கிளம்பிவிடுவான். எல்லா வீட்டிலும் இலவச சர்வீஸ் என்று மட்டும் சொல்வான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எர்த் வைத்ததும் சில வீடுகளில் உறுமல் திரும்ப வந்துவிடும், திட்டி அனுப்புவார்கள். கோமளா, உங்களுக்கு எதற்கு இந்த அவமானம் என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"உறுமல் யாரையும் கொல்லாது கோமளா," என்றானாம்.

நான் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். முதல் வரி: 'கிள்ளான், அக்கா. பச்சை கட்.' அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

மணி பதினொன்றரை. சுமதி சமையல் முடித்ததும் தரை துடைப்பாள், பிறகு பெட்டியைத் துடைப்பாள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். ஏறும் முன்பே வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பெட்டி பாடினால் அந்த வீட்டில் போன் கேட்காது. மகன் துறைமுகத்தில், வேலை நேரத்தில் போனை அணைத்து வைத்திருப்பான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு தடவை அடித்தேன். எதிரே இருந்த பெண், "ஆன்டி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பாட்டிலை நீட்டினாள். நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி கடிக்குது அத்தை. எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது.

டாக்சி எங்கள் தெருவில் திரும்பும்போதே பாட்டு கேட்டது. பாட்டு கேட்பதால் ஒன்றும் தெரிந்துவிடாது. ஆள் நின்றாலும் விழுந்தாலும் பெட்டி பாடிக்கொண்டுதான் இருக்கும். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கூடத்தில் தரை ஈரமாக இருந்தது. யாரும் இல்லை. நான் நேரே சுவருக்குப் போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் அடங்கியதும் சமையல்கட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. சுமதி துணியைப் பிழிந்துகொண்டே வெளியே வந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க அத்தை? பொட்டிய தொடைக்கத்தான் துணி நனைச்சேன்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். குடித்தேன். அதற்குள் கெப்பாசிட்டரின் கோபமும் இறங்கியிருக்கும்.

நானே மூடியைக் கழற்றினேன். பச்சை வயர் உள்ளே நுழைந்த இடத்திலேயே வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றி, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கரண்ட் வருகிற பழுப்பு வயருக்கு, தகரத்துளையில் அறுபடாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தான். அது காய்ந்து தூளாகிக் கீழே கொட்டிக் கிடந்தது. தகரத்தின் விளிம்பு வயரின் தோலைத் தின்று, உள்ளே செம்பு மின்னியது. அதற்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு நகம் நுழையும் இடைவெளிகூட இல்லை. சுமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டாள்.

பிஸ்கட் டின்னிலிருந்து அவன் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். ஒரு நீளப் பச்சை வயர், நுனியில் வளையம் வைத்தது. ஒரு போல்ட், நட்டு, பல் வைத்த வாஷர். புது ரப்பர் வளையம். பெயின்ட் சுரண்ட ஒரு துண்டு உப்புத்தாள். கூடவே ஒரு சின்ன ரெசிஸ்டர். எர்த்தை வெட்டாமலேயே உறுமலை நிறுத்த, பாட்டு வருகிற பக்கத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் வைப்பது. கடைசியாகத்தான் அந்த வழியை அவன் கற்றிருந்தான். நான் அவனை உள்ளே விடமாட்டேன், ஆனால் என் கைக்கு வேலை தெரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பழுப்பு வயரை மாற்றி, துளையில் புது ரப்பர் வளையத்தைப் போட்டேன். பளபளவென்று தகரம் தெரியும்வரை பெயின்டைச் சுரண்டி எர்த்தை முடுக்கினேன். பிளக்கிலும் பார்த்தேன், மூன்று முனையும் சரி. மறுநாளே மகனைக் கூப்பிட்டு மெயின் பலகையின் சுவிட்சைத் திரும்ப வைக்கச் சொன்னேன். இடி இடித்தால் விழட்டும்.

அந்த நோட்டில் பந்திங் வரியையும் பார்த்தேன். 'எர்த் வச்சாச்சு' என்பதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஈயம் நல்ல ஈயம்' என்று எழுதியிருந்தான். ஐம்பது பேர் முன்னால் சொன்னதை நோட்டில் ஒளித்து எழுதித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அவன் சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லாததால் இங்கே எல்லாரும் படிக்க நான் எழுதுகிறேன். என் ஈயம் நல்ல ஈயம். அவன் கையும் நல்ல கை. ஒரு சத்தத்துக்குப் பயந்து ஒரு வயரை வெட்டினான், பிறகு பதினோரு வருஷம் அதற்காக நடந்தான். நான் ஒரு சொல்லுக்காகக் கேட்டைப் பூட்டி வைத்தேன்.

நோட்டில் சரி அடையாளம் இல்லாத வரி இன்னும் ஒன்று இருக்கிறது. ரவாங்கிலேயே வேறொரு வாடகை வீடு. குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போகும்போது பெட்டியை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்றுவிட்டார்களாம். நாலு முறை அங்கே போய் விசாரித்ததாகக் கீழே எழுதியிருக்கிறான். மூன்று துளைகள். நினைவில் வையுங்கள், அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

அவன் கடைசியாகக் கொடுத்ததில் நான் வைத்திருப்பது இரண்டு. நோட்டுப் புத்தகம் ஒன்று. பொட்டலத்தில் மிஞ்சிய அந்த ரெசிஸ்டர் மற்றொன்று. அதை நான் வைக்கவில்லை. வைத்தால் ஐந்து நிமிஷ வேலை, உறுமல் நின்றுவிடும். சுமதிகூடக் கேட்கிறாள், நிறுத்தக்கூடாதா அத்தை என்று. எர்த் முடுக்கிய அன்றிலிருந்து பாட்டுக்கு அடியில் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கேயோ ஒரு வீட்டில் அவன் பெட்டி கொஞ்சமும் உறுமாமல் சுத்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அது கிடைக்கிற வரைக்கும் என் வீட்டுப் பெட்டி உறுமட்டும்.